கோடையில் 630 மீட்டர்: கலிபோர்னியாவுக்கும் குயின்ஸ்லாந்துக்கும் இடையே ஒரு பருவத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

472 முதல் 479 கிலோஹெர்ட்ஸ் வரை அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கு ஒரு சின்னப் பட்டை உண்டு. அலைநீளத்தை வைத்து இதை 630 மீட்டர் என்போம். 2012 உலக வானொலி மாநாட்டில் ஒதுக்கப்பட்டது. அமெரிக்காவில் அமெச்சூர்களுக்குத் திறந்தது 2017-ல்தான். கப்பல்கள் மோர்ஸ் தட்டிய காலத்தில் 500 கிலோஹெர்ட்ஸ் அவசர அலைவரிசையைச் சுற்றியிருந்த பழைய கடல்சார் பகுதிக்குள்தான் இது வருகிறது. கோடை வந்தால் காதைக் கிழிக்கும் இடி இரைச்சலைப் பற்றி அந்தக் காலக் கப்பல் வானொலிக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

இந்த ஆய்வில் இரண்டு நிலையங்கள். ஒன்று சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, கடலோர மலையில். மற்றது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், பிரிஸ்பேனுக்கு மேற்கே ஒரு பண்ணையில். இடைப்பட்ட தூரம் ஏறக்குறைய 11,400 கிலோமீட்டர், கிட்டத்தட்ட முழுவதும் கடல். இரண்டு பேருமே பணி ஓய்வு பெற்றவர்கள், இரண்டு பேருமே பொறுமைசாலிகள். பெயர்களை விட்டுவிட்டு வடக்கு நிலையத்தார், தெற்கு நிலையத்தார் என்றே அழைக்கிறேன். இருவரின் பதிவுகளையும் ஒரே கால அட்டவணையில் சேர்த்து, மின்னல் வரைபடங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலையாக இருந்தது.

வடக்கு நிலையத்தார் ஆண்டுதோறும் மே மாதம் பிறந்ததும் 630 மீட்டர் கருவியை அணைத்துவிட்டு, செப்டம்பர் கடைசியில்தான் மீண்டும் தொடுவார். அந்தப் பக்கத்தில் பெரும்பாலோர் செய்வதும் இதுதான். தெற்கு நிலையத்தாருக்கு இது பெரிய குறை. ஜூன், ஜூலை அவருக்குக் குளிர்காலம். வானம் வறண்டு, அவர் காது ஆண்டிலேயே மிகத் தெளிவாக இருக்கும் நேரம். அந்த நேரம் பார்த்து எதிர்முனையில் ஆளே இல்லை. ஒரு பருவம் மட்டும் அணைக்காமல் வைத்துப் பாருங்கள் என்று அவர் கேட்டார். அதிலிருந்துதான் இது தொடங்கியது.

கோடையில் பட்டை "மூடிவிடுகிறதா"?

முதலில் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். வானில் உயரே மின்னேற்றம் பெற்ற காற்றடுக்குகளை அயனி மண்டலம் என்போம். பகலில் அதன் அடிப்பகுதியான டி அடுக்கு இந்த அலைகளை விழுங்கிவிடும். இரவில் அந்த அடுக்கு கரைந்ததும், மேலே உள்ள ஈ அடுக்கில் பட்டுத் திரும்பி, கடலில் பட்டு, மறுபடி மேலேறி என்று அலை தாவித் தாவிப் போகும். ஒரு தாவலுக்கு அதிகபட்சம் 2,000 கிலோமீட்டர் சொச்சம் என்று வைத்தால், பிரிஸ்பேன் போய்ச் சேர ஐந்தாறு தாவல் வேண்டும். உப்புநீரில் தாவுவதால் ஒவ்வொரு தாவலிலும் இழப்பு குறைவு. பாதை முழுவதும் இருட்டாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

கோடையில் இரவு சுருங்குவதால் பாதை மூடிவிடும் என்பது பொதுவான விளக்கம். ஜூன் 21 வாக்கில் பிரிஸ்பேனில் சூரியன் மறையும்போது சான் பிரான்சிஸ்கோவில் நள்ளிரவு 12 மணி. அங்கே சூரியன் உதிப்பது காலை 5.48-க்கு. ஆக, இரண்டு முனையும் இருட்டாக இருக்கும் நேரம் ஐந்தே முக்கால் மணி. டிசம்பரில் இதே கணக்கைப் போட்டால் ஆறே முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. வித்தியாசம் ஒரு மணி நேரம்கூட இல்லை! வடக்கின் இரவு சுருங்கும்போது தெற்கின் இரவு நீள்கிறது அல்லவா? பூமத்திய ரேகையைத் தாண்டும் பாதைக்கு, கோடை இரவு குறுகியது என்ற வாதம் பெரிதாகப் பொருந்தாது. துருவ ஒளி வளையத்தின் பக்கமும் இந்தப் பாதை போவதில்லை; பசிபிக்கின் நடுவே, ஹவாய்க்குத் தெற்காக இறங்குகிறது. அதனால் காந்தப் புயல்களின் தொல்லையும் குறைவு.

அப்படியானால் கோடையில் உண்மையில் மாறுவது எது? இரைச்சல். உலகத்தில் நொடிக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட மின்னல்கள் அடிக்கின்றன. பெரும்பகுதி நிலத்தின் மேல், கோடை நடக்கும் அரைக்கோளத்தில். மின்னலின் வானொலி ஆற்றல் குறைந்த அதிர்வெண்களில்தான் குவிந்திருக்கிறது. நம் சிக்னலைச் சுமந்து செல்லும் அதே இரவு வானம், 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் அடிக்கும் மின்னலின் சடசடப்பையும் அலுங்காமல் கொண்டுவந்து சேர்க்கும். உள்ளூர் வானத்தில் ஒரு மேகம்கூட இருக்க வேண்டியதில்லை.

ஜூன்: ஒருவழிப் பாதை

முதல் வாரங்களில் இருவரும் இரவு முழுவதும் மாறி மாறி எஃப்எஸ்டி4டபிள்யூ என்ற டிஜிட்டல் முறையில் அடையாளச் செய்தி அனுப்பினார்கள். 2021-ல் வெளிவந்த இந்த முறை, இப்படிப்பட்ட தாழ்ந்த பட்டைகளுக்கென்றே செய்யப்பட்டது. ஒரு செய்தியை 120, 300, 900 அல்லது 1,800 நொடிகளுக்கு நீட்டி அனுப்பலாம். நீட்ட நீட்ட, காதுக்கே எட்டாத சிக்னலையும் கணினி பிரித்தெடுக்கும்.

விளைவு உடனே தெரிந்தது. வடக்கிலிருந்து போன செய்திகளைத் தெற்கு நிலையத்தார் இரவுக்கு இரவு பிடித்தார். அவர் அனுப்பியவற்றில் ஒன்றுகூட வடக்கில் விழவில்லை. இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே வலு. இரு நாட்டிலும் அனுமதி வரம்பு, எல்லாத் திசையிலும் சமமாக வீசும் கற்பனை ஆன்டெனாவின் கணக்கில் 5 வாட். பாதை ஒன்றே, நேரமும் ஒன்றே. போகிறது, வரவில்லை.

அன்றைய வடக்குத் திரையை எனக்கு அனுப்பியிருந்தார்கள். நேரம் ஓட ஓட, பட்டையில் கேட்பதை எல்லாம் கோடுகளாக வரைந்து காட்டுவது நீர்வீழ்ச்சித் திரை. சிக்னல் என்றால் அதில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய நூலாக இறங்க வேண்டும். அங்கே இருந்ததோ குறுக்குக் கோடுகள். ஒவ்வொரு மின்னலும் பட்டையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே வீச்சில் வெள்ளையடித்திருந்தது. இரண்டு கோடுகளுக்கு நடுவே இருட்டு தெரியும் இடம் அரை நொடி, ஒரு நொடி. அந்த இடுக்குகளில்தான் குயின்ஸ்லாந்து இருந்தாக வேண்டும்.

இதைப் பார்த்த பிறகு எங்களுக்கு ஒன்று தெளிவானது. இது சிக்னல் பயணம் செய்வதில் உள்ள சிக்கல் இல்லை, ஒரு முனையில் கேட்பதில் உள்ள சிக்கல். பட்டை மூடிக்கிடக்கிறது என்று சொல்லிக் கருவியை அணைத்தால், திறந்திருக்கும் பாதியையும் சேர்த்து அணைத்துவிடுகிறோம்.

முதல் முடிவு: கேட்கும் ஆன்டெனாவைப் பிரிப்பது

அதுவரை வடக்கு நிலையத்தார் அனுப்பவும் கேட்கவும் ஒரே செங்குத்துக் கம்பியைப் பயன்படுத்தினார். அது எல்லாத் திசையிலும் சமமாகக் கேட்கும், மின்னலையும் சேர்த்து. இந்த அதிர்வெண்ணில் பெரிய ஆன்டெனா வைப்பதால் கேட்பதில் லாபமில்லை. சிக்னலும் இரைச்சலும் சேர்ந்தே ஏறும். எந்தத் திசையைக் கேட்காமல் இருப்பது என்பதுதான் இங்கே தேர்வு.

அதனால் வீட்டைவிட்டுத் தள்ளி, முக்காலியில் கையால் திருப்பும் ஒரு சின்ன லூப் ஆன்டெனா, அதாவது வளையமாகச் சுற்றிய கம்பி, வைத்தார். லூப்பின் தளம் நீளும் திசையில் நன்றாகக் கேட்கும். அதற்குச் செங்குத்தான இரு திசைகளில் காது மந்தம். அந்த மந்தத் திசையை இரைச்சலை நோக்கித் திருப்பினால் சரி.

எந்த இரைச்சலை நோக்கி? மின்னல் வரைபடத்தில் பெரும் கூட்டம் அரிசோனா, நியூ மெக்சிகோ, மெக்சிகோவின் மேற்கு சியரா மாத்ரே மலைத்தொடர் வரை பரவியிருந்தது. வடக்கு நிலையத்திலிருந்து பார்த்தால் அது சுமார் 125 பாகைத் திசை, தென்கிழக்கு. பிரிஸ்பேன் 245 பாகையில், மேற்கு-தென்மேற்கே. மந்தத் திசையை 125-க்கு வைத்தால் லூப்பின் கூர்மையான திசை 215-க்குப் போகிறது; பிரிஸ்பேன் அதிலிருந்து 30 பாகை விலகுகிறது. அதனால் சிக்னலில் இழப்பது 1.25 டெசிபெல் (சிக்னல் வலுவை ஒப்பிடும் அலகு) மட்டும். அந்த விலையைக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தோம்.

பகலில் ஒரு நடுத்தர அலை வானொலி நிலையத்தை வைத்துச் சோதித்தபோது மந்தத் திசை அருமையாக ஆழமாக இருந்தது. இரவில் அப்படி இல்லை. மின்னல் ஒரு புள்ளியிலிருந்து வருவதில்லை, அகலமான ஒரு பரப்பிலிருந்து வருகிறது. வானிலிருந்து சாய்ந்து இறங்கும் அலைக்கு லூப்பின் மந்தம் மங்கியும் போகிறது. கிடைத்தது சில டெசிபெல்தான். அந்தச் சில டெசிபெல்லிலேயே, ஜூன் கடைசி வாரத்தில் தெற்கின் முதல் செய்தி வடக்கில் விழுந்தது. 300 நொடிச் செய்தி. விழுந்த நேரம் காலை 5.20-க்குப் பிறகு.

விடியலுக்கு முந்தைய முக்கால் மணி

அடுத்து விழுந்தவையும் அதே நேரத்தை ஒட்டியே இருந்தன. நள்ளிரவில் பிரிஸ்பேனில் சூரியன் மறையும்போது சிக்னல் ஏறும் என்று எதிர்பார்த்திருந்தோம். அப்போது ஏறியிருக்கலாம், ஆனால் இரைச்சலில் எதுவும் தெரியவில்லை. ஐந்து மணிக்கு மேல்தான் திரையில் குறுக்குக் கோடுகள் ஒவ்வொன்றாக விலகத் தொடங்கும்.

இரைச்சல் அளவையும் சூரிய உதய நேரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது காரணம் புரிந்தது. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கலிபோர்னியா கடிகாரப்படி, டெக்சஸின் எல் பாஸோவில் சூரியன் உதிப்பது 5.01-க்கு, அரிசோனாவின் பீனிக்ஸில் 5.18-க்கு, வடக்கு நிலையத்தில் 5.48-க்கு. சூரியன் எழுந்ததும் அந்த நிலப்பரப்புக்கு மேலே டி அடுக்கு மீண்டும் உருவாகி, அங்கிருந்து கிளம்பும் மின்னல் இரைச்சலை விழுங்கத் தொடங்குகிறது. மேற்கே பசிபிக் இன்னும் கும்மிருட்டு. ஆக, விடியல் கிழக்கிலிருந்து வரும் சத்தத்தை முதலில் அடைக்கிறது. குயின்ஸ்லாந்துக்குப் போகும் கதவு அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் திறந்தே இருக்கிறது. நிலத்தின் மேல் பிற்பகலில் எழும் இடிமேகங்கள் விடியற்காலையில் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும் என்பதும் கூடச் சேர்ந்துகொள்கிறது.

உடனே அட்டவணையை மாற்றினோம். நள்ளிரவிலிருந்து ஐந்து மணி வரை வடக்கு அனுப்பும், தெற்கு கேட்கும். ஐந்து மணியிலிருந்து 5.50 வரை தெற்கு அனுப்பும், வடக்கு கேட்கும். அதுவரை தெற்கு நிலையத்தார் இரவெல்லாம் அனுப்பி வீணாக்கிய மின்சாரத்தையும் உறக்கத்தையும் நினைத்தால், இதை முதல் வாரமே செய்திருக்கலாம் என்று தோன்றும். ஆனால் லூப் இல்லாமல் அந்த முதல் செய்தி விழுந்திருக்காது, நேரமும் கண்ணில் பட்டிருக்காது.

ஜூலை: லூப்பை மறுபடி திருப்பியது

ஜூலை நடுவில் நல்ல காலைகள் திடீரென்று நின்றுபோயின. எல் பாஸோவில் சூரியன் வந்துவிட்டது, பீனிக்ஸில் வந்துவிட்டது, இரைச்சல் மட்டும் இறங்கவில்லை. தென்மேற்குப் பாலைவனங்களில் பருவமழை தொடங்கியதுதான் காரணம் என்று வடக்கு நிலையத்தார் நினைத்தார். இடிமேகங்கள் விடியற்காலை வரை நீடிக்கும் நாட்களில் அது சரியும்கூட. ஆனால் சில நாட்களில் பாலைவனம் அமைதியாகவே இருந்தது.

மின்னல் வரைபடத்தைத் தெற்கே நகர்த்திப் பார்த்தோம். மெக்சிகோவின் மேற்குக் கரைக்கு அப்பால், கிழக்குப் பசிபிக்கில் வெப்பமண்டலப் புயல்கள் சுழன்றுகொண்டிருந்தன. அங்கே புயல் பருவம் மே நடுவிலேயே தொடங்கிவிடும். கோடையில் இரவு-பகல் எல்லைக் கோடு சாய்ந்து கிடக்கிறது. ஜூன் கடைசியில் அந்தக் கோடு சான் பிரான்சிஸ்கோவைத் தொடும் அதே நிமிடத்தில், மெக்சிகோ கரைக்கு அப்பால் 17 பாகை வடக்கு அட்சத்தில், 110 பாகை மேற்குத் தீர்க்கத்தில் உள்ள கடலையும் தொடுகிறது. ஜூலையிலும் பெரிய மாற்றமில்லை. அதாவது நமக்கு விடியும் வரை அந்தப் புயல்களும் இருட்டில்தான். விடியல் நமக்காக அவற்றை அடைக்கவே அடைக்காது.

அந்தப் புயல்கள் இருந்த திசை சுமார் 147 பாகை. மந்தத் திசையை அங்கே திருப்பினால் லூப்பின் கூர்மை 237-க்குப் போகிறது. பிரிஸ்பேன் 245. ஏறக்குறைய நேர் எதிரே! கண்டத்து மின்னலைச் சூரியன் பார்த்துக்கொள்ளும். கடல் புயலை லூப் பார்த்துக்கொள்ளட்டும். அந்த 1.25 டெசிபெல்லும் திரும்பக் கிடைத்தது. இருபத்திரண்டு பாகை திருப்பியது, இந்தப் பருவத்தில் எடுத்த முடிவுகளிலேயே மலிவானது, பலனில் முதலிடத்தில் வைக்க வேண்டியது.

ஒலிபரப்பும் பக்கம்

கேட்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாலும், கலிபோர்னியக் கோடையில் அனுப்புவதற்கும் தனிக் கவனம் தேவைப்பட்டது. 630 மீட்டர் அலைக்குக் கால் பங்கு உயரம் என்றாலே 157 மீட்டர். வீட்டுத் தோட்டத்தில் யார் கட்டுவது? பதினெட்டு மீட்டர் செங்குத்துக் கம்பி, உச்சியில் கிடையாகச் சில கம்பிகள், அடியில் பிளாஸ்டிக் வாளி மேல் சுற்றிய பெரிய சுருள், அதற்குள்ளே திருகித் திருகி இசைவைச் சரிசெய்யும் இன்னொரு சின்னச் சுருள். இப்படிப்பட்ட குட்டை ஆன்டெனாவின் கதிர்வீச்சு மின்தடை (அலையாக வெளியேறும் பங்கின் அளவு) அரை ஓம், ஒரு ஓம் அளவில்தான் இருக்கும்; மண்ணும் மரமும் சேர்ந்து தின்பது முப்பது ஓம். நூறு வாட் கொடுத்தால் வானுக்குப் போவது ஒன்றரை முதல் மூன்று வாட் சொச்சம்.

கோடையில் மண் காய்ந்து இழப்பு கூடியது. விடியற்காலையில் கடல் மூடுபனி ஏறி வந்து கம்பியையும் இலைகளையும் நனைத்ததும் இசைவு நகர்ந்துவிடும். நள்ளிரவில் சரியாக வைத்த சுருளை நான்கு மணிக்கு மறுபடி திருக வேண்டியிருந்தது.

இதைவிடப் பெரிய கவலை தீ. சட்டம் அனுமதிக்கும் வலுவில் அனுப்பும்போது அந்தக் கம்பியில் 2,000 வோல்ட் வாக்கில் நிற்கும். காய்ந்த கிளை ஒன்று கம்பியில் உரசினால் பொறி பறக்கும். கலிபோர்னிய மலையில் ஆகஸ்ட் மாதம் பொறி என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. கம்பியைச் சுற்றி மூன்று மீட்டருக்குள் இருந்த கிளைகளை எல்லாம் வெட்டினார். வறண்ட காற்று பலமாக வீசும் நாட்களில் ஒலிபரப்பே கிடையாது என்று விதி வைத்துக்கொண்டார். அதனால் சில நல்ல காலைகள் கைவிட்டுப் போயின. அந்த விதியில் கை வைக்க யாரும் கேட்கவில்லை, கேட்டிருக்கவும் கூடாது.

இருவழித் தொடர்பு

ஒருவரை ஒருவர் கேட்பது வேறு, பதிலுக்குப் பதில் பேசித் தொடர்பை நிறைவு செய்வது வேறு. நிறைவு செய்ய ஆறு முறையாவது மாறி மாறி அனுப்ப வேண்டும். 300 நொடி முறையில், ஒன்றுகூடத் தவறாமல் விழுந்தாலும் அதற்கே அரை மணி நேரம் ஆகும். நமக்கு இருப்பதோ முக்கால் மணி. 120 நொடிக்கு இறங்கினால் 12 நிமிடத்தில் முடிக்கலாம். ஆனால் நேரம் இரண்டரை மடங்கு குறைவதால் ஏறக்குறைய 4 டெசிபெல் இழப்பு.

தெற்கு நிலையத்தார் நீளமான முறையையே விரும்பினார். பதிவுகள் வேறு சொன்னன. இந்தப் பட்டையில் சிக்னல் பத்து, இருபது நிமிடங்களுக்கு ஏறி, பிறகு அதே அளவு நேரம் அமுங்கிக் கிடக்கும். அரை மணி நேரத் தொடர்பு அந்தப் பள்ளத்தில் கட்டாயம் ஒருமுறை விழும். ஏறியிருக்கும் நேரத்துக்குள் முடித்துவிடுவது மேல் என்று 120 நொடியைத் தேர்ந்தோம். லூப் இரண்டாவது முறை திருப்பப்பட்ட பிறகு அந்த 4 டெசிபெல்லைத் தாங்க முடிந்தது.

ஜூலை இறுதியில் ஒரு காலை, 5.10-க்கு அழைப்பு தொடங்கி 5.34-க்கு முழுத் தொடர்பும் முடிந்தது. நடுவில் இரண்டு செய்திகளை மறுபடி அனுப்ப வேண்டியிருந்தது. பிரிஸ்பேனில் அப்போது இரவு பத்தரை.

விளைவு

ஆகஸ்ட் முடிவதற்குள் இதே நேரத்தில் இன்னும் சில தொடர்புகள் கிடைத்தன. மெக்சிகோ கரைக்கு அப்பால் புயல் இல்லாத காலைகளில் வாய்ப்பு நன்றாக இருந்தது. இருக்கும் காலைகளில் லூப் ஓரளவு காப்பாற்றியது. பாலைவன இடி விடியும் வரை ஓயாத காலைகளில் எதுவும் நடக்கவில்லை. வடக்கிலிருந்து தெற்குக்குப் போகும் பாதி மட்டும், ஒலிபரப்பிய இரவுகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் வேலை செய்தது. கோடையில் அணைத்து வைப்பதை வடக்கு நிலையத்தார் இப்போது விட்டுவிட்டார்.

பாதையின் நேர் திசையிலேயே, பசிபிக்கின் வெப்பமண்டல மழைமேகப் பட்டையிலிருந்து வரும் இரைச்சலை எந்த லூப்பாலும் ஒதுக்க முடியாது. கடலின் மேல் மின்னல் குறைவு என்பதால் அது பெரிய தடையாக வரவில்லை.

அடுத்த பருவத்தில் மாறுபவை

இரைச்சல் அளவைத் தொடர்ந்து பதிவு செய்யும் தனிக் கருவி ஒன்று முதல் நாளிலிருந்தே ஓட வேண்டும். செய்தி விழுந்ததா இல்லையா என்பதை மட்டும் வைத்துத் தேடியதால், ஐந்து மணி இறக்கத்தைக் கண்டுபிடிக்கத் தாமதமாயிற்று. இரைச்சல் வரைகோட்டில் அது முதல் இரவே தெரிந்திருக்கும்.

லூப்பைத் திருப்ப ஒரு சின்ன மோட்டார் வேண்டும். விடியற்காலையில் மூடுபனிக்குள் நடந்து போய்க் கையால் திருப்புவதால், ஒரு காலைக்கு ஒரு திசையோடு நிற்க வேண்டியிருந்தது. முதல் இருபது நிமிடம் கண்டத்தை நோக்கியும், பிறகு கடலை நோக்கியும் மந்தத்தை மாற்றிப் பார்க்க ஆசை.

டிசம்பரில் வேடம் மாறுகிறது: இரைச்சல் தெற்கு நிலையத்தாரின் தலையில் விழும். விடியல் வித்தை அவருக்கு உதவாது. அவருக்கு விடியும்போது கலிபோர்னியாவில் பகல். ஆனால் டிசம்பரில் பிரிஸ்பேனில் சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் டார்வினில் மறைகிறது. வட ஆஸ்திரேலிய இடிமேகங்கள் அந்த ஒரு மணி நேரம் பகல் வெளிச்சத்துக்குள், டி அடுக்கின் அடியில் அடைபட்டிருக்கும். கிழக்கே பசிபிக் அதற்குள் இருட்டியிருக்கும். அந்த நேரத்தில் கேட்டுப் பார்ப்பதாகத் தெற்கு நிலையத்தார் அட்டவணை போட்டிருக்கிறார். தென்கிழக்குக் குயின்ஸ்லாந்தின் சொந்த இடிமழை மாலையில்தான் வரும் என்பது ஒன்றே இடைஞ்சல். அவரும் ஒரு லூப் சுற்றத் தொடங்கிவிட்டார்.